லீவு போடாத தம்பி

கடலூர்க் கம்பெனியில் தம்பி எழிலனுக்கு ஆறு மாதம் புரொபேஷன். "ஒருநாள்கூட லீவு போடாதடா" என்று சொல்லி அனுப்பிய அக்கா சந்திரலேகா, சிதம்பரத்து வீட்டுக் காலண்டரில் தினமும் ஒரு தேதியை அடித்துவந்தாள். மூன்று தேதி மிச்சமிருக்கையில் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மா, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று சந்திரலேகாவிடம் கேட்டாள்.

"மூணு நாளுதாம்மா, பொறுத்துக்க. வேல நெலச்சிடும்."

அம்மா தலையாட்டினாள். தம்பிக்குத் தகவல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மதியம் மூச்சு அடங்கிவிட்டது. தம்பியிடம் எப்படிச் சொல்வதென்று சந்திரலேகா தவித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது.

"யக்கா, பர்மனென்ட் பண்ணிட்டாங்க! ஒரு லீவுகூட போடலன்னு மேனேஜரே கைகொடுத்தாரு. அம்மாகிட்ட குடு, நானே சொல்றேன்."

சந்திரலேகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"லீவு போட்டுட்டு வாடா தம்பி" என்றாள்.