தேவகியின் முகம்

சின்னம்மாள் பார்த்த வேலைக்கு எங்கள் தெருவில் பெயர் கிடையாது. கேட்டவர்களிடம் மெட்ராஸில் ஆயா வேலை என்று சொல்லிவிடுவாள். திருத்தணியிலிருந்து காலை பாசஞ்சரில் போய்வரும் பெண்களில் எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். நான் பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவள் ஓர் ஓவியப் பள்ளியில் பெருக்கப் போய், பிறகு மாணவர்கள் பார்த்து வரைவதற்காக அசையாமல் உட்காரும் வேலைக்கு மாறியவள். புடவை கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாடல் என்றதும் கண்ணை அகல விரிக்கிறவர்கள் எங்கள் ஊரில் அதிகம்.

சும்மா உட்காருவதில் என்ன கஷ்டம் என்று நானும் நினைத்தவள்தான். ஒருநாள் மூன்று மணி நேரம் ஒரே பக்கம் சாய்ந்திருந்ததில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, அரக்கோணம் வரும்வரை நிமிர முடியவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டக் கூடாதாம்.

வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகள் தேவகியையும் கூட்டி வருவாள். அப்போது அதற்கு நாலு வயது. ரயில் பெட்டி முழுக்கக் குழந்தையின் ராஜ்ஜியம்தான். என் டிபன் பாக்சைத் திறந்து பார்க்காமல் திருவாலங்காட்டைத் தாண்ட மாட்டாள். கன்னத்தில் எட்டணா அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு. இவளுக்கு முன் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும், எடுக்கவே கூடாது என்று சின்னம்மாளின் கணவன் தங்கவேல் ஒற்றைக்காலில் நின்றான். பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்குகிறவன். பிள்ளை என்றால் உயிர்.

பாலசுப்பிரமணியன் என்ற மாணவன் தாயையும் மகளையும் சேர்த்து வரையக் கேட்டபோது, கையால் வரைவது போட்டோவில் சேராது என்று சின்னம்மாள் தானாகவே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டாள். மகளை மடியில் வைத்து ஒரு மாதம் உட்கார்ந்தாள். "பாப்பாவ அப்படியே உரிச்சி வச்சிக்கீறாரு அக்கா" என்று ரயிலில் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

எழுபத்து நாலாம் வருடம் தை மாதம் தேவகிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாள். என்ன காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. படம் வரைந்த விஷயம் எப்படியோ தங்கவேல் காதுக்கு எட்ட, நீதான் பிள்ளையை அனுப்பி வைத்தாய் என்று காரியத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னான். அதன்பிறகு அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். துக்கம் அவனுக்கும்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சுக்காக எனக்கு அவன்மேல் இன்றும் கோபம் உண்டு.

அவள் திரும்ப வேலைக்குப் போனபோது பள்ளியில் காற்று மாறியிருந்தது. ஆளை அப்படியே வரைவதெல்லாம் பழம்பஞ்சாங்கம், அதற்குத்தான் கேமரா இருக்கிறதே என்று பிள்ளைகள் பேசத் தொடங்கியிருந்தார்கள். வட்டம், முக்கோணம், பூஜை யந்திரத்தில் வருகிற கோடுகள் என்று கித்தான்கள் நிறைந்தன. அவற்றில் மனிதர்கள் இல்லை. உட்கார ஆளும் தேவைப்படவில்லை. சின்னம்மாள் பழையபடி துடைப்பத்தை எடுத்தாள். பாலசுப்பிரமணியனோ படிப்பை முடித்துப் படத்தோடு போய்விட்டிருந்தான். மகளின் முகம் இந்த உலகத்தில் எங்காவது மிச்சம் இருந்தால் அந்தப் படத்தில்தான் இருக்கும். அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ஐந்து வருடம் கழித்து பேப்பரில் பாலசுப்பிரமணியன் பெயரைப் பார்த்தேன். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஹாலில் ஓவியக் கண்காட்சி. அரை நாள் லீவு போட்டு அவளை அழைத்துப் போனேன். 'தாயும் சேயும்' என்று எழுதியிருந்த படத்தின் முன் போய் நின்றோம். நீலத்தில் சில சிவப்பு முக்கோணங்கள், கீழே ஒரு கறுப்பு வட்டம். அந்த வட்டம்தான் பிந்து, படைப்பெல்லாம் அதிலிருந்து கிளம்பி அதற்குள்ளேயே ஒடுங்குகிறது என்று ஜிப்பா போட்ட ஒருவர் இரண்டு பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சின்னம்மாள் அவரைத் தாண்டி முன்னால் போனாள்.

"இது பாப்பாவோட திருஷ்டிப் பொட்டு அக்கா" என்றாள்.

பாலசுப்பிரமணியன் சிரித்த முகமாகத்தான் ஓடிவந்தான். குழந்தை இறந்த செய்தியைக் கேட்டதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். பழைய படத்தின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக வண்ணம் பூசி மாற்றிக்கொண்டே வந்ததாகவும், பொட்டை மட்டும் அழிக்க மனம் வரவில்லை என்றும் சொன்னான். மேலே இருப்பதைச் சுரண்டினால் அடியில் பிள்ளை கிடைப்பாளா என்று சின்னம்மாள் கேட்டாள். கிடைக்க மாட்டாள் என்றான்.

"அப்ப அவ மூஞ்சிய ஒரு தபா எழுதிக் குடுங்க தம்பி. வேற ஒன்னும் வாணாம்."

காகிதமும் கரித்துண்டும் எடுத்தான். இரண்டு கோடு போட்டான், நிறுத்தினான். முகம் அவன் நினைவில் இல்லை. மூக்கு எப்படி, நெற்றி எப்படி என்று அவளையே கேட்டான். அவள் சொன்னதெல்லாம் எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். சொல்லச் சொல்ல அவளுக்கே அது தெரிந்துபோய் வாயை மூடிக்கொண்டாள். கடைசியில் அவன் அவள் முகத்தைப் பார்த்து, அதையே சின்னதாக்கி வரையத் தொடங்கினான். உட்காரச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணீர் வழிந்தபோதுகூட அவள் அசையவில்லை.

படம் அழகாக இருந்தது. ஆனால் அது தேவகி இல்லை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. சின்னம்மாள் அதை என் பக்கம் நீட்டி, "நீங்க தெனம் பாத்தவங்க. அவதானே அக்கா?" என்று கேட்டாள்.

"ஆங், அவளேதான்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினாள். வேலையிலிருந்து வந்த தங்கவேல், "நைனா வந்துட்டேன் கண்ணு" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு உடைந்து அழுதான். அன்றைக்குத்தான் ஐந்து வருடத்துக்குப் பிறகு பெண்டாட்டியிடம் சாப்பாடு போடச் சொல்லிக் கேட்டான். தெருவில் எல்லாரும் அச்சு அசல் அவள்தான் என்றார்கள். நான் சொன்ன பொய் நல்லதாகவே போயிற்று என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

எண்பத்தைந்தாம் வருடம், தேவகிக்குத் திதி கொடுத்த நாளில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கவேல் வெளியே போகும்வரை காத்திருந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"முன்னல்லாம் கண்ண மூடினா பாப்பா ஓடியாருவா. இப்ப இந்தப் படம்தான் வருது. அவ வரதேயில்ல. இது அவ இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க சொன்னீங்கன்னு வச்சிக்கினேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ எப்டி இருந்தா அக்கா? நீங்களாச்சும் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். இரண்டு வருடம் தினமும் எனக்கு எதிரில் உட்கார்ந்து வந்த குழந்தை. எனக்கும் அந்தப் படம்தான் வந்தது.