பக்கத்துக் கட்டில் மெர்சி அக்காவும் ஐந்து நரிகளும்

வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. டயாலிசிஸ் வார்டின் சிஸ்டர் பேசினார். அம்மா "ஐயோ" என்று ஒரு சொல்தான் சொன்னார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே, அப்பா தூங்கிக்கொண்டிருந்த அறையின் கதவைச் சாத்தினார். மெர்சி அக்கா அன்று விடியற்காலை தன் வீட்டிலேயே மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

"அப்பாகிட்ட இப்ப சொல்லாத சாமி," என்றார் அம்மா. "சொன்னா, நாளைக்கு ஊசி போட்டுக்க வரமாட்டாரு."

அக்காவின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்கு அவரைக் கோயில் பாடகர் குழுவில் தெரியும். சிலருக்குக் குன்னூரில் அவர் வேலை பார்த்த பல்செட் செய்யும் லேபில் தெரியும். எனக்கு அவரைப் படுத்த நிலையில்தான் அதிகம் தெரியும். என் அப்பாவுக்கும் அக்காவுக்கும் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுக் கிடப்பார்கள். மற்ற நாட்களில் அம்மா துணைக்குப் போவார். சனிக்கிழமை என் முறை.

அப்பா அரவேணு பக்கத்தில் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை செய்தவர். நாள் முழுக்கத் தேயிலை வாசத்தில் நின்றவருக்கு, உடம்பில் நீர் சேரக் கூடாதென்று ஒரு நாளைக்கு அரை டம்ளர் டீதான் அனுமதி என்றபோது பேச்சே குறைந்துவிட்டது. வார்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் இதையெல்லாம் வேண்டாம் என்று விட்டுவிடுவாரோ என்பதுதான் எங்கள் வீட்டின் பயம். அதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்படித் திரும்பிப் படுத்திருந்த முதுகைப் பார்த்துத்தான் அக்கா முதலில் பேசினார்.

"ஏனுங்ண்ணா, சும்மாதான படுத்திருக்கீங்க? ஒரு ஆட்டம் போடலாமுங்களா?"

"எனக்குச் சீட்டாடத் தெரியாதுங்க."

"சீட்டு இல்லீங்க. இராக்குல மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தது."

அப்பா திரும்பினார். "மண்ணுல இருந்து எடுத்தத எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்த அம்மிணி?"

"எடுத்தது வெளிநாட்டுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குதுங்க. இது நான் பண்ணினது. தொட்டுப் பாருங்க, யாரும் விசில் ஊதமாட்டாங்க."

சில்வர் ஓக் பலகையில் இருபது கட்டங்கள் செதுக்கிய ஆட்டம் அது. அப்பாவுக்கு இடக்கையில் ஊசி, அக்காவுக்கு வலக்கையில். அதனால் ஊசி இல்லாத இரண்டு கைகளும் கட்டில்களுக்கு நடுவே எதிரெதிராக இருந்தன. மருந்துத் தட்டு வைக்கும் சின்ன மேசையை இழுத்துப் பலகையை வைத்தோம். ஆனால் அந்தக் கையில்தான் பிரஷர் பார்க்கும் பட்டை கட்டியிருக்கும். அது தானாக உப்பும்போதெல்லாம் கை எகிறிக் காய்கள் சரிந்துவிடும். அக்கா செய்திருந்த சதுரப் பகடையோ உருண்டு இயந்திரத்துக்கு அடியில் போகும். சிஸ்டர் குனிந்து எடுத்து, "இன்னொரு வாட்டி உருண்டுச்சுன்னா ரெண்டு பேருக்கும் ஊசிய நான் போடமாட்டேன், புதுசா வந்த பொண்ணு போடுவா," என்று மிரட்டுவார்.

எங்கள் பள்ளி நூலகத்தில் பண்டைய எகிப்து பற்றி ஒரு படப் புத்தகம் உண்டு. அதில் நாய்களும் நரிகளும் என்ற ஆட்டத்தின் படத்தைப் பார்த்ததும் எனக்கு வார்டு நினைவுதான் வந்தது. ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பலகை. அதில் கட்டங்கள் இல்லை, துளைகள். காய்களுக்குப் பதில் துளையில் செருகும் குச்சிகள். ஒருவருக்கு ஐந்து நாய்த்தலை, மற்றவருக்கு ஐந்து நரித்தலை. செருகிய குச்சி சரியாது! புத்தகத்தை எடுத்துப் போய் அக்காவிடம் மூச்சு விடாமல் விளக்கினேன். கடைசியில், "ஆனா எப்படி ஆடினாங்கன்னு யாருக்கும் தெரியாதாம் அக்கா, விதிகள் கிடைக்கலையாம்," என்று வருத்தத்தோடு சொன்னேன்.

"ரொம்ப நல்லதாப் போச்சு," என்றார் அக்கா. "தப்பா ஆடுறோம்னு சண்டைக்கு யாரும் வரப்போறதில்ல பாரு."

இன்னொரு பலகையில் துளைகள் போட்டு, பல் செய்யும் பொருளிலேயே அவர் தலைகளை வார்த்தார். அதனால் எங்கள் நாய்களும் நரிகளும் பல்லின் நிறத்தில், தந்தம் போலவே இருந்தன. பகடைக்குப் பதில் அந்தக் காலத்தில் ஆட்டின் கணுக்கால் எலும்பை எறிவார்கள். அது நாலு பக்கமாகத்தான் விழும், உருண்டு ஓடாது. மட்டன் கடையில் சொல்லி வைத்து வாங்கி, வேகவைத்துக் கழுவி, காயவைத்துக் கொண்டுவந்தார். சிஸ்டர் வார்டுக்குள் எலும்பா என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அடுத்த முறை அந்த எலும்பை அச்செடுத்து, பல்செட்டில் ஈறுக்குப் போடும் ரோஸ் நிறப் பொருளில் வார்த்துக் கொண்டுவந்தார். "எகிப்து ராஜா பாத்தா அழுதுருவாரு," என்று அவரே சிரித்தார்.

"நான் நரி. நீங்க நன்றியுள்ள பிராணிங்க," என்று அக்கா முதலிலேயே பிரித்துக்கொண்டார். விதிகளை இருவரும் சண்டை போட்டு உண்டாக்கினார்கள். சில துளைகளுக்கு நடுவே கோடு இருக்கும். அதில் ஏறலாம், பரமபதம் போல என்றார் அப்பா. இறங்கவும் வேண்டும் என்றார் அக்கா. அந்த வாக்குவாதத்தில் நாலு மணி நேரம் போனதே தெரியவில்லை. இயந்திரம் மணியடித்ததும் ஆட்டம் நின்ற இடத்தில் நின்றுவிட வேண்டும் என்பது அக்கா போட்ட விதி. பலகை அப்படியே சிஸ்டரின் அலமாரிக்குப் போகும். மறுமுறை அங்கிருந்துதான் தொடர்ச்சி.

ஓர் ஆட்டம் முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை, அக்கா நரிகள் இருக்கும் டப்பாவைத் திறந்தார். உள்ளே ஒரு முழுப் பல்செட் இருந்தது. நரிகளைத் துடைத்துத் தேய்க்க லேபுக்கு எடுத்துப் போனவர், அங்கே டப்பாவை மாற்றி எடுத்து வந்துவிட்டார். சற்று நேரத்தில் போன் வந்தது. எஸ்டேட்டில் வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பல் இல்லாத குரல் எங்களுக்கும் கேட்டது. "ஏம்மா, பல்லுக்குக் காசு குடுத்தா நரியக் குடுத்திருக்கே! இத வாயில எப்படி மாட்டறது?" அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான். அன்றைக்கு ஊசிகளின் நீல மூடிகளை நரிகளாக வைத்து ஆடினார்கள்.

மழைக்காலத்தில் நாங்கள் பயந்தது நடந்தது. பள்ளிக்கு மழை விடுமுறை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா, "போதும், எத்தன நாளைக்கு உங்களையும் இழுத்துட்டு அலையறது," என்று போர்வையை இழுத்துக்கொண்டார். அம்மா அழுது பார்த்தார். மதியத்துக்குள் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. பலகையின் படம். கீழே குரல் செய்தி: "முருகேசண்ணா, உங்க நாய் ஒண்ணு இன்னும் ஒரே துளையில ஊடு சேந்துரும். நீங்க வராட்டி நான் ஜெயிச்சதா எழுதிக்கறனுங்க. சிஸ்டர் சாட்சி." அப்பா அதை மறுபடி மறுபடி கேட்டார். "அதெப்படி எழுதிக்குவா?" என்று எழுந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்க வாங்க அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். அக்கா அவருக்கு ஒரு வார்த்தைகூட அறிவுரை சொல்லவில்லை. என்னிடம் மட்டும் பிறகு சொன்னார்: "பொழைக்கணும்னு யாரும் இங்க வர்றதில்ல கண்ணு. தோக்கக் கூடாதுன்னு வந்தாப் போதும்."

அந்த அக்காதான் போய்விட்டார். அடக்கம் சனிக்கிழமை என்று தெரிந்ததும் அம்மாவால் மறைக்க முடியவில்லை. அப்பா கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். பிறகு, "நாளைக்கு நான் போகல," என்றார்.

"அடக்கத்துக்குங்களா?" என்று கேட்டார் அம்மா.

"ஆஸ்பத்திரிக்கு."

கல்லறைத் தோட்டத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா கடைசி ஆளாக மண் போட்டார். சிஸ்டர் அருகில் வந்து, "அண்ணா, உங்கள மத்தியான ஷிஃப்டுக்கு மாத்தி வெச்சிருக்கேன்," என்றார். அப்பா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் அம்மாதான், அவ்வளவு அழுகைக்கு நடுவிலும், "அவ பலகை அங்கதான் இருக்குதுங்க தம்பி," என்றார். அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அப்பா வார்டுக்கு வந்தார்.

சிஸ்டர் அலமாரியைத் திறந்து பலகையை மேசையில் வைத்தார். வியாழக்கிழமை நின்றபடியே குச்சிகள் நின்றன. நரிகள் முன்னால், நாய்கள் பின்னால். பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு. அப்பா தன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மொற அவளுது," என்றார்.

இயந்திரம் தயாராக இருந்தது. நான் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் ஸ்வெட்டரைக் கழற்றினார். படுத்தார். இடக்கையைத் தானாகவே சிஸ்டரிடம் நீட்டினார். வலக்கையால் ரோஸ் எலும்பை எடுத்து எறிந்து, எண்ணி, ஒரு நரியை நகர்த்தினார்.

"என்னங்ண்ணா, ரெண்டு பேருக்கும் நீங்களேவா?" என்றார் சிஸ்டர்.

"ஆள் வராட்டி பக்கத்துக் கட்டில்காரன் போடோணும். அதும் ஒரு ரூல்ஸ்தானுங்க."

"யார் போட்ட ரூல்ஸ்?"

"இப்பத்தான் போட்டேன்," என்று சொல்லிவிட்டு அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்காவின் அம்மா பலகையை வாங்கிக்கொள்ளவில்லை. அது வார்டிலேயே இருக்கிறது. அந்த ஆட்டத்தில் நரிகள்தான் வென்றன. அப்பா ஒரு எறிதலைக்கூட ஏமாற்றவில்லை என்று சிஸ்டர் சாட்சி சொல்கிறார். அக்காவின் கட்டிலில் இப்போது கேத்தியிலிருந்து ஒரு கேரட் விவசாயி வருகிறார். கோட்டில் இறங்கவே கூடாது என்று படுக பாஷையும் தமிழும் கலந்து அவர் போடும் சத்தம் வராந்தா வரை கேட்கிறது.

அக்காவின் நினைவாக என்னிடம் ஒரு குச்சிகூட இல்லை. நான் கேட்கவும் இல்லை. ஆனால் செவ்வாயும் வியாழனும் சனியும் காலையில், அம்மா கூப்பிடுவதற்கு முன்பே, அப்பா ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "பஸ் போயிரும், வாங்க," என்று எங்களை அவசரப்படுத்துகிறார். மெர்சி அக்கா எனக்கு விட்டுப்போனது அந்தக் குரல்.