ருக்மிணி மாமியும் நடுச்சுவரும்

இரண்டு வாரத்துக்கு முன், காலை டிகாஷன் இறங்கிக்கொண்டிருந்தபோது, நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. ஆள் வந்து சொல்லத் தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு ருக்மிணி மாமி போய்விட்டார்.

மயிலாப்பூரில் குளத்தையொட்டிய எங்கள் தெருவை அறிந்தவர்களுக்கு மாமியையும் தெரியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். இரண்டு வீட்டுத் தேக்கு உத்தரங்களும் அதன்மேல்தான் தலை வைத்திருக்கின்றன. அதில் ஓர் ஆணி அடிப்பதானாலும் முதலில் மூன்று தட்டு தட்ட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் தட்டு வந்தால்தான் சுத்தியை எடுக்கலாம். வாசல் தூணை மாற்றுவதில்லை, மாடி எழுப்பிக் கோபுரத்தை மறைப்பதில்லை என்று தெருவே கூடிக் கையெழுத்தும் போட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் கையெழுத்து அதில் முத்து முத்தாக இருக்கும். போட்டதை நான் மறக்கவில்லை. காலேஜ் படித்தவர்கள்தான் மறந்தார்கள்.

முனை வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் ஆடியில் வீட்டை இடித்தார். மறைப்பு போன பொதுச்சுவர் ஐப்பசி மழையில் ஊறி அண்டை வீட்டுப் பக்கம் சரிந்தது. தூளியில் கிடந்த குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். அப்புறம் அந்த முனை வீட்டுக்காரர், தான் எழுப்பிய சிமென்ட் கட்டடத்தைப் பார்க்க வெட்கமில்லாமல் எங்களைக் கூப்பிட்டார். மாமி சுற்றிப் பார்த்தார்.

"ஆத்தைக் கட்டினேன்னு சொன்னேளே, எங்கே? ஜன்னல் வெச்ச பீரோன்னா நிக்கறது!"

கொடுத்த கேசரியைத் தொடாமல் வந்தோம்.

மாமியின் மகன் சீனு ஒருநாள், "இந்த இருட்டு ஆத்தைக் கட்டிண்டு ஏம்மா அழறே?" என்றான்.

"முற்றத்துல வானமே வந்து உக்காந்திருக்கு. இருட்டு உன் கண்ணுலடா. இடிக்கணும்னா கனகாவைக் கேளு. அவ தட்டினா இடி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்த மாமியைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே, சீனுவோடு வந்த புரோக்கர் கார்ச் சாவியால் தூணின் பெயிண்டைச் சுரண்டினான். "பர்மா தேக்குதான் சார்" என்று காதில் ஓதினான். பெற்ற பிள்ளை தலையை ஆட்டினான்.

"ஏம்பா, பொணத்தை எடுத்தப்புறம் தூணை எடுக்கக் கூடாதா?" என்றேன். சாவி பைக்குள் போனது. கண் தூணிலேயே இருந்தது.

நேற்று பதின்மூன்றாம் நாள் முடிந்து பந்தலைப் பிரித்தார்கள். சாயங்காலம் நடுச்சுவரில் மூன்று தட்டு கேட்டது. சீனுதான். வழக்கம் தெரிந்த பிள்ளையல்லவா!

"கனகா மாமி, காதுல விழறதா? பதில் தட்டுங்கோ!"

"தட்டிடும்மா. நாமளும் மாடி கட்டிக்கலாம்" என்றான் என் மகன். வெளியே கிடந்த அசிங்கம் என் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவனை ஒரு முறை பார்த்தேன். எழுந்து வாசலுக்குப் போனான்.

மறுபடியும் மூன்று தட்டு. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மாமி என்னிடம் விட்டுப்போனது அந்தப் பதில் தட்டு ஒன்றுதான். அது என்னிடமே இருக்கும்.