நினைப்பு பிடித்தவள்

அயர்லாந்தில் எங்கள் ராஸ்காமன் பக்கத்தில் ஒரு பெண்ணைச் சாகடிக்கக் கத்தி வேண்டாம். ‘அவளுக்கு நினைப்பு, பெரிய இவளாம்’ என்று நாலு பேர் சொன்னால் போதும். நூலாவுக்கு அதைத்தான் செய்தார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது.

நான் யார் என்று கேட்பீர்கள். பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். சைக்கிளில் காலுறை விற்றே, மாதா கோயிலுக்குப் போகிற வீதியில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்துத் துணிக்கடை போட்டவள். இந்த ஊரில் கல்யாணமோ சாவோ, என் கடைத் துணி இல்லாமல் நடந்ததில்லை.

நூலா, சதுப்பில் அடுப்புக் கரிமண் வெட்டி விற்றவர் மகள். பதினாறு வயதில் மான்செஸ்டருக்குப் போய் கோட்டுத் தொழிற்சாலையில் தையல் பழகினாள். திரும்பி வந்து பஸ் ஓட்டுகிற ஃபின்டனைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள். என் கடையில் ஒருவரும் தொடாமல் கிடந்த மஞ்சள் கம்பளித் துணியை எடுத்துப்போய், சமையலறை மேசையிலேயே கோட்டு தைத்தாள். மழையில் ஊரே சாம்பல் நிறமாகக் கிடக்கும்போது, மகள் சோர்க்காவைப் பள்ளியில் விட அவள் விளக்கு ஏற்றியதுபோல வருவாள்.

பள்ளி வாசலில் மருந்துக்கடைக்காரர் மனைவி கான்செப்டா பிடித்துக்கொண்டாள்.

“கோட்டு ரொம்ப அழகா இருக்கே நூலா!”

இதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான். ‘ஐயே, இதா? பழசு, சும்மா கிடந்துச்சு’ என்று தலையைக் குனியவேண்டும். நானே அப்படித்தான் சொல்வேன். இவள் சொன்னது:

“தேங்க்ஸ். எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு.”

போதாதா? வாசலில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள்.

“ரெண்டு பெத்தவளுக்கு இதெல்லாம் தேவையா?”

“பஸ்காரன் பொண்டாட்டிக்கு மகாராணின்னு நினைப்பு.”

“வழி விடுங்கடி, வாழைப்பழம் வருது!”

பெரியவர்கள் சிரித்தால் பிள்ளைகள் சும்மா இருக்குமா? சோர்க்கா வாழைப்பழத்தின் மகளானாள். கோயிலில் முதன்முறை அப்பம் வாங்குகிற நற்கருணை நாள் நெருங்கும்போது அவளே கேட்டாள்: “அன்னிக்கு அந்தக் கோட்டு வேணாம்மா. மத்த அம்மாங்க மாதிரி வாயேன்.”

நூலா என் கடைக்கு வந்தாள். “ஒரு பழுப்புக் கோட்டு குடுங்க, மிஸஸ் ஹெஃபர்னன். இதை வச்சுக்கங்க, யாருக்காவது வித்துடுங்க.”

“உனக்குப் பழுப்பு விக்க எனக்குக் கை வராது, போ.”

“நீங்க இல்லன்னா வேற கடை.” மஞ்சளை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

வாங்க வந்தவரை நான் விரட்டியது அன்று ஒருமுறைதான். ஆத்திரம் தாங்கவில்லை. ஜன்னல் பொம்மைமேல் இருந்ததை உருவி எறிந்து, மஞ்சள் கோட்டை மாட்டினேன். ஊரே பார்த்துச் சாகட்டும்.

நற்கருணை நாள் காலை எல்லோரும் என் கடையைத் தாண்டித்தானே போகவேண்டும்? வெள்ளை உடுப்பில் சோர்க்கா. பக்கத்தில் நனைந்த உருளைக்கிழங்கு மூட்டைபோல நூலா. பிள்ளை ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“அம்மா, உன் கோட்டு! வேற யாராவது வாங்கிட்டா?”

“வாங்கட்டும். நீதானே வேணாம்னே?”

“இந்தப் பழுப்புல நீ யாரோ மாதிரி இருக்க.” உதடு பிதுங்கியது.

பின்னாலேயே வந்த கான்செப்டா சும்மா போயிருக்கலாம். “விடு நூலா. இப்பதான் பாக்க ஒரு தாய் மாதிரி இருக்க.”

“இவ்வளவு நாளும் நான் இவளுக்கு யாரு, கான்செப்டா? சித்தியா?”

நூலா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். பழுப்பைக் கழற்றி என்மேல் வீசினாள். பொம்மையின் கை ஒடியாத குறையாக மஞ்சளை உருவினாள்.

“மெதுவாடி! பொம்மை என்னுது!”

காது கேட்டால்தானே? பித்தான்கூடப் போடாமல் மகளை இழுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். சோர்க்கா மஞ்சள் விளிம்பை விடவே இல்லை.

பூசை முடிந்து வாசலில் கான்செப்டா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “கோட்டு நல்லாத்தான் இருக்கு.”

“தெரியும்,” என்றாள் நூலா.

இந்தமுறை தேங்க்ஸ்கூட இல்லை.