இழுத்தாலும் கலையாத முக்கோணம்

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைக கையில காம்பஸைக் கொடுத்தாலும் பயம், மவுஸைக் கொடுத்தாலும் பயம். கூடவே மாரடிக்கிற டீச்சருக உங்களுக்குத் தெரியாததா? நான் கே.கே. நகர்ல இருந்து தினமும் பஸ் பிடிச்சு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூலுக்குப் போறவ. பத்தாம் வகுப்புக்கு முக்கோணத்தைக் கம்ப்யூட்டர்ல வரைஞ்சு சொல்லித் தாரேன்னு நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

தொண்ணூறு எங்க போச்சு?

முதல் நாள் செங்கோண முக்கோணம். மூணு புள்ளி வச்சு, கோடு இழுத்து, ஒரு புள்ளியை அங்கிட்டும் இங்கிட்டும் நகட்டி, திரையில 90 வந்ததும் பெருமையா நிமிர்ந்தேன். பின்னாடி ஹெச்.எம். மேடம்! அவங்களும் கணக்கு டீச்சரா இருந்தவங்கதான். மவுஸை வாங்கி உச்சியைப் பிடிச்சு ஒரு இழுப்பு. தொண்ணூறு எழுபத்து மூணாப் போச்சு. முறையாச் செங்குத்துக்கோடு போட்டு, அது மேல புள்ளி வச்சிருந்தா எம்புட்டு இழுத்தாலும் தொண்ணூறு அசைஞ்சிருக்காது.

"அரையாண்டுப் பரீட்சையில முக்கோணக் கேள்விக்கு மார்க் ஏறணும் டீச்சர். ஏறலைன்னா உங்க கம்ப்யூட்டர் லேப் பீரியட் சயின்ஸுக்குப் போயிரும்"னு கெடு வச்சுட்டுப் போனாங்க. முன்வரிசையில இருந்த பேச்சி ஆறுதல் சொன்னா: "விடுங்க டீச்சர். நீங்க எங்க வரைஞ்சீங்க, சும்மா சாச்சுல்ல வச்சிருந்தீங்க."

முட்டாத வட்டம்

அடுத்த வாரம் வேணும்னே ஒரு வில்லங்கக் கணக்குக் கொடுத்தேன். பக்கங்கள் எட்டு, நாலு, மூணு. எட்டுக்கு அடிக்கோடு போட்டு, ஒரு முனையில நாலுக்கும் மறு முனையில மூணுக்கும் வட்டம் போட்டா, வெட்டுற இடம்தான் உச்சி. இதுல ரெண்டு வட்டமும் ஒண்ணையொண்ணு எட்டியே பார்க்காது. பிரபு கையைத் தூக்கி "சிஸ்டம் ரிப்பேர்"னான். பயல் ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பார்த்துட்டான்.

நாலும் மூணும் சேர்ந்தாலே ஏழுதானடா, எட்டை எப்படி எட்டும்னு கேட்டேன். பயல் சலிச்சுக்கிட்டான்: "நோட்டா இருந்தா எப்படியாச்சும் முட்ட வச்சிருப்பேன் டீச்சர். இது ரொம்ப நேர்மையா இருக்கு."

பளிச்னு ஒரு முட்டை

அரையாண்டு வந்துச்சு. அடிக்கோடு ஆறு, உச்சிக்கோணம் அறுபது, அடியோட நடுவுல இருந்து உச்சி வரைக்கும் அஞ்சு. அல்வா மாதிரி கேள்வி! ஆசையா விடைத்தாளைத் திறந்தேன். எல்லாத் தாள்லயும் முக்கோணம் மட்டும் பளிச்னு நிக்குது. வட்டமும் இல்ல, வில்லும் இல்ல, மையக்குத்துக்கோடும் இல்ல. அத்தனையும் ரப்பர் போட்டு அழிச்சிருக்குக. வரைஞ்ச தடம் இல்லாட்டி மார்க் எப்படிப் போடுறது? அத்தனைக்கும் முட்டைதான்.

தப்பு என்னோடதுதான். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு முடிச்சதும், "உதவிக்கோடு எல்லாத்தையும் மறைங்க, முக்கோணம் மட்டும் பளிச்னு தெரியணும்"னு ஒரு நாள் சொல்லித் தொலைச்சிருந்தேன். மேடம் தாளைப் புரட்டிப் பார்த்துட்டு, பேச்சியைக் கூப்பிட்டு அங்கேயே வரையச் சொன்னாங்க. அவ காம்பஸை எடுத்து மளமளன்னு வரைஞ்சா. மேடம் விடல. "அஞ்சுக்குப் பதிலா ஆறுன்னு கேட்டிருந்தா?"

பேச்சி காம்பஸைத் தொடவே இல்ல. "முக்கோணமே வராது மேடம். உச்சி இந்த வட்டத்துலதான் உக்காரணும். கம்ப்யூட்டர்ல உச்சியை இழுத்துப் பார்த்திருக்கேன், அஞ்சேகாலைக்கூடத் தொடாது."

மேடம் அடியோட நடுவுல இருந்து வட்டத்தோட உச்சாணி வரைக்கும் ஸ்கேலை வச்சு அளந்தாங்க. ரெண்டாவது தடவையும் அளந்தாங்க. அவ சொன்னது சரி. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு, சந்தோஷத்துலதான். மார்க் மட்டும் ஏறல. இப்ப இரக்கப்பட்டுப் போட்டா பொதுத்தேர்வுலயும் அழிச்சுட்டு வருவாங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க. தாளைக் கட்டி என் கையில கொடுத்துட்டுச் சொன்னாங்க: "லேப் பீரியட் உங்களுக்கே இருக்கட்டும் டீச்சர். மொதல்ல ரப்பரைப் பிடுங்கி வைங்க."

ஆக மொத்தம், நாம வருஷம் பூரா தொண்டை கிழியச் சொன்னதைப் பிள்ளைக மறந்தாலும் மறப்பாங்க, ஒரே ஒரு தடவை வாய்தவறிச் சொன்னதை மட்டும் சொன்னபடியே செஞ்சு முடிப்பாங்க.