படிச்சுட்டுத்தான் போடுவேன்

அந்தப் படத்தில் நான் ஆறு நிமிடம் வருகிறேன். ஆறாவது நிமிடத்தில் செத்துப்போகிறேன்.

சித்தூரில் எங்கள் சபை கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒட்டு மீசையோடு ஏரோது ராஜாவாக நான் போட்ட கூச்சலை யாரோ போனில் பிடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்த சினிமா உதவி இயக்குநர் ஒருவர் வீடு தேடி வந்தார். நிலத்தாசையில் ஒரு குடும்பமே அழியும் கதை என்றார். நான் தாய். பிச்சாட்டூர் ஏரியை ஒட்டிய நிலத்துக்காக மூத்த மகன் என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி, பிறகு கொன்றுவிடுவான். அப்புறம் அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வார்கள். ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

உடனே ஒத்துக்கொண்டேன். ஏன் என்று சொல்லவில்லை.

சில வருடங்களுக்கு முன் என் கணவர் திருப்பதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கொழுந்தன் காகிதக் கட்டோடு வந்தான். "ஆஸ்பத்திரி பேப்பருதான் அண்ணி. சீக்கிரம் போடுங்க, டாக்டரு காத்துக்கினு கீறாரு" என்றான். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த டீச்சர் நான். ஒரு வரிகூட வாசிக்காமல் போட்டேன். கணவரை அடக்கம் செய்த பிறகுதான் தெரிந்தது: குடும்ப நிலத்தில் என் பேரில் இருந்த எங்கள் பங்கு வேண்டாமென்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். படித்தவள் ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டவர்களிடம், நாங்களாகவே கொடுத்துவிட்டோம் என்றேன்.

கார்வேட்டிநகரத்தில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. மகனாக நடித்தவர் காகிதத்தை நீட்டி, "போடும்மா" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைப் பிடித்த கை இறங்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினேன்.

"இன்னா எழுதிக்கீது இதுல? படிச்சுட்டுத்தான் போடுவேன்."

கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு இயக்குநர் எழுந்து வந்தார். "அம்மா, இவ மகனை நம்புறவ. நம்பித்தான் போடுவா."

"நானும் நம்பித்தான் போட்டேன். இன்னொருவாட்டி போடமாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோ நைனா."

அங்கிருந்த அத்தனை பேர் முன்னாலும் நடந்ததையெல்லாம் சொன்னேன். தமிழ் புரியாதவர்களுக்குத் தெலுங்கிலும் சொன்னேன். இயக்குநர் வசனத் தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"கையெழுத்து போடலன்னா அவன் என்ன செய்வான்?"

"கொல்லுவான். கொல்லட்டும். கையெழுத்து கெடைக்காது."

கதையை அப்படியே மாற்றினார். மகன் கள்ளக் கையெழுத்துப் போட்டான்.

படம் வந்ததும் திருப்பதிக்குப் போய், மதியக் காட்சியில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். நான் காகிதத்தைப் பிடுங்கியபோது தியேட்டரில் விசில் பறந்தது. அடுத்து ஏரித் தண்ணீரில் என் புடவை மட்டும் மிதந்தபோது ஒரு சத்தமில்லை. படம் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை. ஆனாலும் நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

இரண்டு நாளில் கொழுந்தன் போன் செய்தான். "இன்னா அண்ணி, நம்ம வீட்டு விஷயத்தையா சினிமால காட்னீங்க? ஷூட்டிங்ல நீங்க சொன்னது பரவி ஊர்ல சிரிக்கிறாங்க."

"சினிமால உன் பேரு இல்லப்பா. கோர்ட்டுலதான் இருக்கும்."

"இத்தினி வருஷம் கழிச்சா?"

"ஆமா."

சித்தூர் வக்கீல் தலையைச் சொறிந்தார். காலதாமதம் பெரிய தடை, ஜெயிப்பது கஷ்டம் என்று ஒளிக்காமல் சொன்னார். போடுங்கள் என்றேன். வழக்கு மனுவை மூன்று தடவை வாசித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

இப்போது வாய்தாவுக்கு வாய்தா போய்வருகிறேன். முழங்கால் வலிக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போன தடவை கோர்ட் வாசலில் கொழுந்தன் வழிமறித்தான். "வயசான காலத்துல இது எதுக்கு அண்ணி? வீட்டுலயே பேசித் தீத்துக்கலாம்."

"ஜட்ஜய்யா முன்னால பேசு" என்று சொல்லிவிட்டு, அவனைத் தாண்டி உள்ளே போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.