அமெரிக்காவும் அப்பாவும் போருக்குப் போன கதை

அப்பாவுக்கு அமெரிக்காவை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் முதலாம் உலகப் போரின் முதல் இரண்டரை வருடத்து அமெரிக்காவை மட்டும் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அதற்குக் காரணம் நான்தான்.

எட்டாம் வகுப்பில் சரித்திர ரீச்சர் எனக்குத் தந்த வேலை அது. "எங்கள் சண்டை இல்லை" என்று ஒதுங்கி இருந்த ஒரு நாடு எப்படிப் போருக்குள் இழுபட்டது என்று வகுப்பின் முன்னால் நின்று விளக்க வேண்டும். பிரெஞ்சில்தான் எழுதினேன். அப்பாவின் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி'யோடு முடிந்துவிடும். ஆகவே மாலையில் அவர் புட்டுச் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து தமிழில் சொல்லிப் பழகினேன்.

"கடலுக்கு அங்காலை அடிபடுறவை அடிபடட்டும், எங்களுக்கென்ன எண்டு இருந்தவை, அப்பா."

"கெட்டிக்காரர்," என்றார் அப்பா.

எங்கள் வீட்டுச் சட்டமும் அதுதான். அப்பா கோயில் சபையில் இல்லை, ஊர்ச் சங்கத்தில் இல்லை, பழைய மாணவர் சங்கத்திலும் இல்லை. மொன்றியலில் ஒரு யாழ்ப்பாணத்து ஆள் எந்தச் சங்கத்திலும் இல்லாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமா? யாராவது கையெழுத்துக் கேட்டு வந்தால் தேத்தண்ணி கொடுப்பார், காலநிலையைப் பற்றிக் கதைப்பார், கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிடுவார். இந்த மனிசன் என்னைக் கட்டினதே பெரிய காரியம் என்று அம்மா சொல்லுவார்.

சென்ட் லோரன்டில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் நாங்கள் நடுவில் இருந்தோம். மேல்வீட்டில் என் சிநேகிதியும் அவளுடைய பெற்றோரும். கீழ்வீட்டில் அவளுடைய தாயின் தம்பி. நாங்களும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அப்பாவை அண்ணை என்பார். மாமாவும் அப்பாவும் ஒன்றாக நாட்டை விட்டு வெளிக்கிட்டவர்கள். ஒரே மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார்கள், மாமாவின் காரில் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள். மாரியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு காரைப் பனிக்குள் இருந்து தோண்டி எடுப்பார்கள். அப்பா வாய்விட்டுச் சிரிப்பது அந்த ஒருவரோடுதான்.

அந்த வருடம் சிநேகிதி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். தேங்காய் உடைத்துத் தொடக்கி வைக்கத் தாய்மாமன் வேண்டும். கீழ்வீட்டு மாமா அதற்கென்றே புது வேட்டி வாங்கி வைத்திருந்தார். மேல்வீட்டு அன்ரியோ லண்டனில் இருந்த மூத்த தமையனுக்கு ரிக்கற் அனுப்பிவிட்டார். மூத்தவர் இருக்கும்போது இளையவரை எப்படி முன்னுக்கு விடுவது என்பது அன்ரியின் நியாயம். பிள்ளையைத் தூக்கி வளர்த்தது ஆர் என்பது மாமாவின் நியாயம். மாமா கோபத்தில் தன் கடைக்குட்டியின் பிறந்தநாளை அதே சனிக்கிழமை இன்னொரு மண்டபத்தில் வைத்தார். எங்கள் தெருத் தமிழர் எல்லோர் வீட்டிலும் இரண்டு அழைப்பிதழ்கள் கிடந்தன. எதற்குப் போகிறீர்களோ அந்தப் பக்கம் நீங்கள்.

அப்பா இரண்டையும் ஒரே காந்தத்தால் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். இரண்டுக்கும் போகிறதில்லை என்று தீர்ப்புச் சொன்னார். சோறு காய்ச்சும் எங்கள் பெரிய கிடாரத்தை மேலே கொடுத்தார், மடிக்கிற மேசைகளைக் கீழே கொடுத்தார். அமெரிக்காவும் தொடக்கத்தில் இரண்டு பக்கத்துக்கும் சாமான் விற்கத் தயாராகத்தான் இருந்தது.

இதில் அகப்பட்டது நான். சிநேகிதி என்னைத்தான் தோழியாகக் கேட்டிருந்தாள். அவள் நிறத்திலேயே எனக்கும் பாவாடை தாவணி தைத்தாயிற்று. வெள்ளை நிற நீளக் காரில் இரண்டு பேரும் வந்து இறங்க வேண்டும். நான் நில்லாவிட்டால் லவாலில் இருந்து ஒருத்தி வந்து நிற்பாளாம். அவளுடைய முகத்தை நான் கண்டதில்லை, ஆனாலும் அந்த இரண்டு கிழமையும் அவளைப் போல ஒருவரை நான் வெறுத்ததில்லை. அழுதேன். சாப்பிட மறுத்தேன். அப்பா அசையவில்லை.

"தோழியா நிண்டால் அல்பத்திலை வருவாய். அல்பத்திலை வந்தால் நாங்கள் அவையின்ரை பக்கம். விளங்குதோ, பிள்ளை?"

எனக்கு விளங்கியது நீளக் கார் மட்டும்தான்.

என் சரித்திர வேலையோ ஒரு நாளும் நிற்காமல் முன்னேறிக்கொண்டிருந்தது. அமெரிக்கா சாமான் விற்பது மெல்ல மெல்ல ஒரு பக்கத்துக்கு மட்டுமாகிப் போனதைச் சொன்னேன். ஜெர்மனி கப்பல்களை மூழ்கடித்ததைச் சொன்னேன். அப்போதும் பொறுத்துக்கொண்ட ஆட்கள், ஜெர்மனி மெக்சிகோவுக்கு ரகசியமாக அனுப்பிய ஒரு தந்தி பேப்பரில் வந்ததும் கொதித்து எழுந்ததைச் சொன்னேன். அமெரிக்காவிடம் இழந்த உங்கள் பழைய நிலத்தைப் பிடித்துத் தருகிறோம், எங்களோடு சேருங்கள் என்று அதில் இருந்தது. அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார்.

"உண்மைத் தந்திதானோ எண்டு விசாரிச்சவையோ?"

"ஓம். அனுப்பினவரே பிறகு ஒத்துக்கொண்டவர்."

"பாவங்கள்," என்றார், அமெரிக்கா ஏதோ அடுத்த தெருவில் இருக்கும் குடும்பம் மாதிரி.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மேசைகளின் ஆணிப் பையைக் கீழே கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா அனுப்பினார். மாமா கதவைத் திறந்து பிஸ்கற் தந்தார். தோழியாக நிற்கிறேனா என்று கேட்டார். அப்பா விடமாட்டார் என்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சின்னப் பிள்ளையளுக்கு என்ன சண்டை? நில்லு, நில்லு. நான் விடச் சொன்னனெண்டு அண்ணையிட்டைச் சொல்லு."

அதைக் கொண்டுபோய்ச் சொல்லியிருந்தாலே போதும். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, ஒரு மாதமாகப் போரைப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல வார்த்தை கேட்டு எந்த நாடு போருக்குப் போயிருக்கிறது? மாமாவுக்கு எவ்வளவு பெரிய மனம், அவரை நோகப்பண்ணக் கூடாது என்று அப்பா இன்னும் இறுக்கமாக இருந்துவிடுவார் என்று பயந்தேன். படிகளில் ஏறி முடிவதற்குள் சேதியை மாற்றிவிட்டேன்.

"அப்பா, அண்ணை எப்பவும் சண்டை எண்டால் விட்டிட்டு ஓடுறவர்தானே எண்டு மாமா சொல்லுறார்."

அதை ஒரு சின்னச் சீண்டல் என்றுதான் நினைத்தேன். அந்தக் கட்டடத்தில் ஓடி வராதவர் யார்? அம்மா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முகம் வெளிறிப்போனது.

"உன்னட்டையோ சொன்னவன்?"

"ஓம்."

அப்பா எழுந்து போய்க் கை கழுவினார். தட்டில் பாதிச் சாப்பாடு கிடந்தது.

சனிக்கிழமை அப்பா வேட்டி கட்டினார். நாங்கள் குடும்பமாகச் சாமத்தியவீட்டுக்குப் போனோம். நான் நீளக் காரில் இருந்து இறங்கினேன். லவால்காரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். லண்டன் மாமா தேங்காய் உடைத்தபோது அப்பா அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். அல்பத்தில் ஏழு படத்தில் இருக்கிறார், ஒன்றிலும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அப்பா பஸ்ஸில் வேலைக்குப் போனார். மாமா கீழே காரை ஸ்ரார்ட் பண்ணி வைத்துக்கொண்டு காத்திருந்தார். செவ்வாயும் காத்திருந்தார். புதன்கிழமை மேலே வந்து கதவைத் தட்டினார். இல்லை என்று சொல்லு என அப்பா அம்மாவுக்குக் கை காட்டினார்.

"நான் ஏதும் பிழையாக் கதைச்சனோ, அக்கா?" என்று மாமா வாசலில் நின்று கேட்டது என் அறைக்குக் கேட்டது. ஒரு வசனம் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தாவணியைத் திருப்பிப் பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல நான் பேசாமல் இருந்தேன். பெரியவர்கள்தானே, இரண்டு நாளில் சேர்ந்துவிடுவார்கள் என்றும் நினைத்தேன்.

மேல்வீட்டு அக்காவும் கீழ்வீட்டுத் தம்பியும் உண்மையாகவே தீபாவளிக்குள் சேர்ந்துவிட்டார்கள். பலகாரத் தட்டு எங்கள் வாசலைத் தாண்டி மேலும் கீழும் போய் வந்தது. அப்பாவும் மாமாவும் சேரவில்லை. ஒரே தொழிற்சாலையில் வேறு வேறு நேரத்துக்கு மாறிக்கொண்டார்கள். இரண்டு வருடத்தில் மாமா ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்.

போன மாரியில் அங்கே காலமானார். செய்தி வந்த அன்று அப்பா கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருந்தார். அன்றைக்குத்தான் அம்மா எனக்குச் சொன்னார். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். மூன்றாவது அப்பாவின் தம்பி. கடலேரிக் கரையில் காய்ச்சலோடு படுத்திருந்தான். வந்த படகில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. அப்பா ஏறிவிட்டார். திரும்ப அனுப்புவதாகச் சொன்ன படகு போகவில்லை. மாமா அதைக் கண்ணால் கண்டவர், ஒருவரிடமும் சொல்வதில்லை என்று அப்பாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவர்.

"அவ்வளவு காலம் பொத்தி வைச்சிருந்த மனிசன், கடைசியிலை உன்னட்டைப் போய்ச் சொல்லிப்போட்டானே," என்றார் அம்மா.

மாமா சாகும்வரை அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. இது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.